அடிமூடிக்குப் பக்கத்தில் ஒரு தேதி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு டிரைவிங் டெஸ்ட். இன்று ஞாயிறு. அந்த டெஸ்ட்டுக்குப் போகவேண்டிய கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல், சக்கரம் தரையில் படாமல், ஷெட்டுக்குள் நிற்கிறது. மாப்பிள்ளை அதற்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது அவருடைய கால்கள் மட்டும்தான்.

இந்தத் தொடரில் நடுவில் ஒரு வாரம் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவாள். அப்பா காரில் கொண்டுபோய் விடுவார், வாசலில் காத்திருப்பார், அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவார். எட்டு மாதத்துக்கு முன் அப்பா போனதும் நிலையத்தார், "நீங்க இங்கேயே இருங்க, வர்றவங்களுக்கு எடுத்தா போதும்" என்று அம்மாவை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில் அம்மா அப்பாவின் ஆட்டோமேட்டிக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த உள்ளறையை விட்டு வெளியே வருவதற்காகத்தான்.

முதல் டெஸ்ட்டில் கோட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மறுபடி கியரைப் போட்டபோது கார் ஒரு உதறு உதறிப் பாய்ந்தது. அம்மா பிரேக்கை மிதிப்பதற்குள் கோட்டைத் தாண்டியாயிற்று. "வாகனம் கட்டுப்பாட்டில் இல்லை" என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே அம்மாவின் மகன் சின்னவன் ஆரம்பித்துவிட்டான். அவன் தொலைதூர பஸ் டிரைவர், குடியிருப்பது வேறு ஊரில். "போதும்மா. வீட்டை விட்டுட்டு என்கூட வந்துடு" என்றான். "இன்னொரு தடவை பார்க்கறேன். அதுலயும் போச்சுன்னா வந்துடறேன்" என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். அதுதான் தொல்லையே.

போன வார அத்தியாயத்தின் கடைசியில் மாப்பிள்ளை அந்தக் காரை எடுத்துக்கொண்டு கடைவரை போய்வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "அத்தை, உதறினது உங்க கால் இல்ல. கார்தான்" என்றார். அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

அதற்கு அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று, அவ்வளவுதான்.

மெக்கானிக்குக்கு வியாழக்கிழமைக்கு முன்னால் கை ஒழியாதாம். ஆகவே கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவாகி, மாப்பிள்ளை படுத்துவிட்டார்.

மாப்பிள்ளை மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். டீக்குப் பால் ஊற்றும்போதுகூட டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார். சின்னவன் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மில்லி'. நேரில் மாமா என்பான், முதுகுக்குப் பின்னால் மில்லி.

மூன்று நாளாகக் காரின் கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். கூடவே பள்ளியிலிருந்து சொல்லிவிட்டு எடுத்துவந்த இரண்டு லிட்டர் அளவு ஜாடி, ஒயர் வைத்த தெர்மாமீட்டர், புது ஆயில் நான்கு டப்பா, ஆயிலை மேலே ஏற்றக் கைப் பம்பு ஒன்று.

"மேல் மூடி அசைஞ்சிடுச்சு" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இனிமே கீழ் மூடிக்குப் போகலாம்."

"கீழதானே வடியணும்? அதை முதல்ல திறந்தா என்ன மாப்பிள்ளை?" என்று அம்மா ஷெட் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"பழசெல்லாம் வடிஞ்சப்புறம் மேல் மூடி கழலமாட்டேன்னு அடம் பிடிச்சா புதுசை எது வழியா ஊத்தறது அத்தை? வண்டியை நகர்த்தக்கூட முடியாது. நாளைக்கு டெஸ்ட்டுக்கு நாம தள்ளிக்கிட்டுதான் போகணும்."

"ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சை எடுத்து வெச்சுக்கற மாதிரி."

"அதேதான்."

அம்மாவுக்குத் திருப்தி. உள்ளே போய் வெள்ளை டேப்பும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு காலி பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இந்த டேப் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தேதி எழுதாத ரத்தக் குப்பி குப்பைக்குத்தான் போகும் என்பது அம்மாவின் வேலையில் முதல் பாடம். அதை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பல்பு மாற்றினால் தேதி, பேட்டரி மாற்றினால் தேதி, அடுப்புக் குழாய்க்குத் தேதி. யார் எதைத் தொட்டாலும் தொட்ட இடத்தில் தேதி போடவேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட விடமாட்டாள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை தன் பல்துலக்கும் பிரஷ்ஷில் தேதியைப் பார்த்துவிட்டு, யாரோ கேலி செய்கிறார்கள் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

காருக்கு அடியில் அவர் கீழ் மூடியைச் சுற்றியிருந்த புழுதியைப் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்தார். துடைத்த கை நின்றது.

"இங்க கொஞ்சம் குனியேன்" என்றார் மெதுவாக.

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி, அம்மாவின் மூத்த மகள் பெரியவள் குனிந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். மயிரிழைக் கீறலையும் விடாத கண். டார்ச்சைத் திருப்பினாள். கருத்துப்போன ஆயில் தட்டில், மூடிக்குப் பக்கத்தில், வெள்ளை மையில் சின்னதாக ஒரு தேதி இருந்தது. 17.7.

"கடையில போட்டதா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"கடைக்காரன் ஏழுக்கு நடுவுல கோடு கிழிப்பானா?"

இரண்டு ஏழுக்கும் இடுப்பில் கோடு இருந்தது. ஒன்றாம் வகுப்பில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கிறது என்று டீச்சர் மார்க்கைக் குறைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஏழுக்குக் கோடு போடுகிறவன் ஒருத்தன்தான். சின்னவன்.

முதல் டெஸ்ட் ஜூலை பத்தொன்பதில். அதற்கு இரண்டு நாள் முன்பு அவன் லீவு போட்டுவிட்டு வந்து தங்கியிருந்தது பெரியவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மா ஓட்டிப் பழகட்டும் என்றுதான் சொன்னான். சொன்னவன் காருக்கு அடியில் படுத்திருக்கிறான், அதை ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. அம்மா தோற்ற அன்றைக்கே என்கூட வா என்று கூப்பிட்டவனும் அவன்தான்.

அவள் போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். "வேணும்னேயா?" என்றாள்.

"முதல்ல வடிப்போம். எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டுப் பேசு" என்றார் மாப்பிள்ளை.

மூடியையும், அளவுக்கு மேற்பட்ட ஆயிலை மட்டும் வழியவிட அதற்குள் செருகியிருந்த சின்னக் குழாயையும் அவர் கழற்ற, ஆயில் கொட்டியது. புதிதில் சிவப்பாக இருக்கவேண்டியது, ரொம்ப நேரம் கொதித்த டிகாஷன் நிறத்தில் இருந்தது. லேசான தீய்ந்த வாடை. கொட்டி, ஒழுகி, சொட்டி நின்றபிறகு ஜாடியைத் தரையில் வைத்து, தானும் தரையோடு கன்னத்தை வைத்து அளவு பார்த்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம். இதுல ரெண்டாயிரத்து எழுநூறாவது வந்திருக்கணும்."

"ஒழுகியிருக்குமோ?"

"கீழ அட்டை போட்டுத்தானே மூணு நாளா நிறுத்தி வெச்சிருந்தேன்? ஒரு சொட்டு இல்ல." துணியில் கையைத் துடைத்தார். "எண்ணூறு மில்லி தானா போகலை. யாரோ எடுத்திருக்காங்க."

அம்மா வந்து ஜாடியை வாங்கினாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பழைய ஆயிலைப் புனல் வைத்து பாட்டிலில் ஊற்றி, 'பழசு, 1900' என்று எழுதி, தேதி போட்டு, சுவரோரம் வைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள்.

காலை ஒன்பது மணிக்கு சின்னவன் வந்து சேர்ந்தான். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, யூனிஃபார்ம் சட்டையோடு நேராக வந்திருந்தான். கார் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாமா, ஆபரேஷன் நடக்குதா? சொல்லியிருந்தா நான் வந்து பண்ணியிருப்பேனே."

"நீ ஏற்கெனவே பண்ணிட்டேன்னு எழுதியிருக்கே" என்றாள் பெரியவள்.

போனில் எடுத்து வைத்திருந்த படத்தை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவன் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. பையைத் தோளிலிருந்து இறக்கவும் மறந்து நின்றான்.

"நான்தான்" என்றான்.

"என்ன பண்ணே?"

"ஆயில் பார்த்தேன். அம்மா டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வண்டி ஒழுங்கா இருக்கணுமில்ல? எஞ்சின் ஆயில் பார்த்தேன், பிரேக் ஆயில் பார்த்தேன், கடைசியா இதைப் பார்த்தேன். மூடியைத் திறந்ததும் கொட்டுச்சு. யாரோ அளவுக்கு மேல ஊத்தி வெச்சிருக்காங்கன்னு நினைச்சு, நிக்கற வரைக்கும் விட்டுட்டு மூடினேன்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"எஞ்சினை ஆஃப் பண்ணாம எவனாவது கியர் ஆயில் பார்ப்பானா மாமா? பன்னெண்டு வருஷமா எங்க பஸ்ஸுக்கு அப்படித்தான் பார்க்கறோம். மூடியைத் திற, கூடுதலா இருந்தா வழியும், வழிஞ்சு நின்னா அளவு சரி."

"உங்க பஸ் கையால கியர் போடற வண்டி. அதுக்கு நீ சொல்றதுதான் சரி." மாப்பிள்ளையின் குரலில் கோபமே இல்லை. வகுப்பில் கண்ணாடிக் குழாயை உடைத்தவனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். "இது அப்படி இல்ல. எஞ்சின் ஓடறப்ப ஆயில்ல பாதி மேல ஏறி வேலை செய்துக்கிட்டிருக்கும். எஞ்சினை நிறுத்தினா எல்லாம் கீழ இறங்கி தட்டு ரொம்பிடும். அதனால ஓடும்போதுதான் மூடியைத் திறந்து பார்க்கணும். நின்ன வண்டியில திறந்தா, இருக்கவேண்டியதும் சேர்ந்து போயிடும்."

சின்னவன் சுவரோரம் இருந்த பாட்டிலைப் பார்த்தான். "எவ்வளவு போச்சு?"

"எண்ணூறு."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஆயில் டப்பாமேல் உட்கார்ந்தான்.

பெரியவளுக்கு ஒரு பக்கம் பெரிய நிம்மதி. தம்பி வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் கேட்க இன்னொன்று பாக்கி இருந்தது. அவள் அதை விடுகிற ஆள் இல்லை.

"சரி, தெரியாம பண்ணே. பத்தொன்பதாம் தேதி வண்டி உதறுச்சே, மைதானத்துல நீயும்தானே நின்னே. டிரைவருக்குத் தெரியாதா, அது கால் தப்பா கியர் தப்பான்னு?"

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"உன்னைத்தான் கேட்கறேன்."

"தெரிஞ்சுது" என்றான்.

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே. நான் திறந்ததாலதான்னு சந்தேகம் வந்துச்சு. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அம்மா, 'எனக்கு வயசாயிடுச்சுடா'ன்னு சொன்னாங்க. அப்படியே விட்டுட்டேன்."

"ஏன்?"

"என்கூட வந்துடுவாங்கன்னு." பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டையைத் திருகினான். "அப்பா விழுந்து கிடந்தப்ப நான் எங்க இருந்தேன்னு உனக்கே தெரியும். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்பவும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் அம்மாவுக்கு போன் போடறேன். எடுக்கலைன்னா அடுத்த நிறுத்தம் வரைக்கும் எனக்கு ரோடே தெரியறதில்ல. நாப்பது பேரை வெச்சுக்கிட்டு ஓட்டறேன்க்கா."

"வடிச்சது தெரியாம. வாயை மூடிக்கிட்டது தெரிஞ்சு" என்றாள் பெரியவள். ஆனால் குரலில் பாதிச் சூடு குறைந்திருந்தது.

அப்போதுதான் மூன்று பேருமே வாசலைப் பார்த்தார்கள். அம்மா நான்கு டம்ளர் வைத்த தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டீயில் ஏடு படிந்திருந்ததால் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கவேண்டும்.

தட்டைப் பெஞ்சின்மேல் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் சின்னவன் பிழைத்திருப்பான்.

"ரெண்டு மாசமா கஷ்டமான நரம்பு வந்தா நான் எடுக்கறதில்ல" என்றாள். "பக்கத்து நாற்காலிப் பொண்ணுகிட்ட கொடுத்துடறேன். வயசானவங்க, நரம்பு நழுவும், அதெல்லாம் ஒரே குத்துல எடுத்த கை இது. காலே சொன்னபடி கேட்கலையே, கை மட்டும் கேட்குமான்னு பயம் வந்துடுச்சு."

மாப்பிள்ளை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு மூணு தடவை குத்துது. அவங்க வலியில முகத்தைச் சுளிக்கறாங்க. நான் பக்கத்துல பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

சின்னவனுக்கு அழுகை வந்துவிட்டது. பையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அம்மா அவன் பக்கத்தில் போகவில்லை. போகவேண்டும் என்று அவளுக்கு இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்தன.

"டீ ஆறுது" என்றாள் கடைசியில். "குடிச்சுட்டு வேலையைப் பாருங்க. நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு."

சின்னக் குழாயை மறுபடி செருகி, கீழ் மூடியை மூடிவிட்டு, கைப் பம்பால் புது ஆயிலை மேல் மூடி வழியாக ஏற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது. முதலில் இரண்டாயிரத்து ஐந்நூறு மில்லி. அதற்கப்புறம்தான் முக்கியமான கட்டம். எஞ்சினை ஓடவிட்டு, அடியில் ஒருவர் படுத்து, கீழ் மூடியைத் திறந்து, சரியான அளவைப் பிடிக்கவேண்டும். மேலே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருக்கவேண்டும்.

"நான் படுக்கறேன் மாமா" என்று சின்னவன் எழுந்தான். "திறந்தவன்தானே மூடணும்."

"மேல யாரு?" என்றாள் பெரியவள்.

"நான்" என்றாள் அம்மா.

சின்னவன் சட்டைப் பையிலிருந்த போனையும் சாவியையும் எடுத்து அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் போட்டான். ஷெட் கதவுகளை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார்கள். மாப்பிள்ளை ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உலுக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை.

அம்மா எஞ்சினைக் கிளப்பினாள். பிரேக்கை மிதித்துக்கொண்டு, மாப்பிள்ளை சொல்லச் சொல்ல லீவரை ஒவ்வொரு இடத்திலும் ஐந்து எண்ணும்வரை வைத்து, கடைசியில் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இனிமே லீவரைத் தொடாதீங்க அத்தை. பிரேக்கிலேருந்து காலை எடுக்காதீங்க. என்ன ஆனாலும் சரி."

"தெரியும். என் பிள்ளை கீழ இருக்கான்."

சின்னவன் உள்ளே நகர்ந்து படுத்தான். இந்தக் கார் உன் பேச்சைக் கேட்காது என்று இரண்டு மாதமாகச் சொல்லாமல் சொல்லிவந்தவன் இப்போது அதே காரின் அடியில், அதே காலை நம்பிப் படுத்திருந்தான். அது அவனுக்கும் உறைத்திருக்கும்.

ஆயில் தட்டில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரை மாப்பிள்ளை வாசித்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தாறு. முப்பத்தெட்டு. நாற்பது. திற."

"திறந்துட்டேன். ஒண்ணும் வரலை."

"அப்ப இன்னும் பத்தலை. நூறு ஏத்தறேன்."

இரண்டாயிரத்து அறுநூறு. ஒன்றும் வரவில்லை. எழுநூறு. வரவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மாவின் பக்கத்து சீட்டில் போன் அடித்தது.

"யாரும்மா?" என்றாள் பெரியவள்.

"சின்னவனுக்குத்தான்" என்று அம்மா இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். கால் பிரேக்கிலேயே இருந்தது. கேட்டாள். மெதுவாக இரண்டு வார்த்தை பேசினாள். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. போனைத் திரும்ப சீட்டில் வைத்துவிட்டு நேரே பார்த்து உட்கார்ந்தாள்.

"என்னவாம்?"

"அப்புறம் சொல்றேன். கவனத்தைக் கலைக்காதே."

மாப்பிள்ளை இன்னொரு நூறு ஏற்றினார். இரண்டாயிரத்து எண்ணூறு.

"வருது மாமா" என்றான் சின்னவன். "சிவப்பா வருது."

"அவசரப்படாதே. நூல் மாதிரி வரும், அப்புறம் அறுந்து சொட்டாகும். சொட்டானதும் மூடு."

காருக்கு அடியில் சின்னவன் அந்தச் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆயில் விரலில் வழிந்து முழங்கைக்கு இறங்கியது. நூல் மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. சொட்டாயிற்று.

மூடியை வைத்துத் திருகினான். "ஆச்சு."

"வெளியே வா. அத்தை, அவன் வெளியே வந்ததும் நான் சொல்றேன், அப்ப நிறுத்தலாம்."

அவன் முழுசாக வெளியே வந்து எழுந்து நின்றபிறகுதான் அம்மா எஞ்சினை அணைத்தாள். காலை எடுத்ததும் தொடை நடுங்கியது. இத்தனை நேரம் அழுத்திப் பிடித்திருந்ததால்தான். இந்தத் தடவை அவளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

மேல் மூடியையும் இறுக்கி, காரைத் தரைக்கு இறக்கினார்கள். பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்காரவேண்டும். பெரியவள் கதவில் கையை வைத்தாள்.

"நீ இல்ல" என்றாள் அம்மா. "அவன் உட்காரட்டும்."

சின்னவன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான்.

தெரு காலியாக இருந்தது. அம்மா முனை வரைக்கும் போய் நிறுத்தினாள். கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி முன்னால் போட்டாள். போடும்போதே தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது, வரப்போகிற உதறலுக்காக. எதுவும் வரவில்லை. கார் மெதுவாக, தன் பாட்டுக்கு நகர்ந்தது.

அம்மா மறுபடி நிறுத்தினாள். மறுபடி போட்டாள். தபால் பெட்டிக்கு முன்னால் ஒரு தடவை, பள்ளி வாசலில் ஒரு தடவை, மேட்டில் இரண்டு தடவை. எண்ணிக்கொண்டே வந்த சின்னவன் பதினொன்றுக்கு மேல் விட்டுவிட்டான்.

"என் கால் இல்ல" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே.

"இல்லம்மா."

"நீ வாயால சொல்லு."

"உன் கால் இல்லம்மா. நான்தான்."

அம்மா தலையை ஆட்டினாள். அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மூன்றாவது தெருவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அம்மா பதறாமல் பிரேக் போட்டு, அது போகும்வரை காத்திருந்து, கிளம்பினாள். பஸ் டிரைவருக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நாளைக்கு அம்மா தேறிவிடுவாள். அவனுக்கு அதில் பெருமையாக இருந்தது. கூடவே வேறொரு பயமும் எட்டிப்பார்த்தது. ஏன் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டில் காரை நிறுத்திவிட்டு அம்மா இறங்கினாள். மாப்பிள்ளை ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரியவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி அத்தை?"

"வெண்ணெய் மாதிரி போகுது மாப்பிள்ளை."

டேப்பில் ஒரு துண்டு கிழித்து, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் உள்ஓரத்தில் ஒட்டினாள். மார்க்கரைத் திறந்து 'கியர் ஆயில், 2800' என்று எழுதினாள். கீழே தேதி. எழுதியபடியே சொன்னாள்.

"தம்பி, உனக்கு ஒரு போன் வந்துச்சு. யாரோ ஒருத்தர், நல்ல மரியாதையாப் பேசினார். நாளைக்குப் பதினோரு மணிக்கு சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வந்து, வாடகைக்கு இந்த வீட்டைப் பார்க்கலாமான்னு கேட்டார். அடுத்த மாசம் காலியாகுதுன்னு நீ சொல்லியிருக்கியாம்."

பெரியவளின் துணி நின்றது. மாப்பிள்ளை குழாயை மூடினார். சின்னவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"நீ என்னம்மா சொன்னே?" என்றான்.

"வாங்கன்னு சொன்னேன்."

அம்மா மார்க்கருக்கு மூடி போட்டாள். எழுதிய மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு, முடிஞ்சதும் நானே கார் ஓட்டிக்கிட்டு வந்து உங்களுக்குக் கதவைத் திறக்கறேன்னு சொன்னேன்."